தாதம்பட்டி நாகம்மையார்

ஈரோட்டில் ஒரு பெரிய வீடு. வெள்ளிக்கிழமை. அந்த வீட்டின் இளம் மருமகளுக்கு அன்று விரதம்.

மாமியார் ஆசாரம் மிகுந்தவர். குளிக்காமல் அடுப்படியில் கால் வைக்கக் கூடாது. விரதம் முடித்துச் சாப்பிடும் சோற்றில் எந்தத் தீட்டும் படக்கூடாது. மருமகளும் அப்படியே நடந்து வந்தார்.

ஆனால் கணவருக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் கறி வேண்டும்!

மருமகள் முகம் சுளிக்கவில்லை. கறி சமைத்தார். கணவருக்குப் பரிமாறினார். பிறகு தலை முழுகிவிட்டுத் தன் சாப்பாட்டை எடுக்க வந்தார். சோற்றுக்குள் கையை விட்டால், உள்ளே ஓர் எலும்புத் துண்டு!

யார் போட்டது என்று கேட்கவே வேண்டாம். விரதம் கெட்டது. அந்த வாரம் மட்டும் அல்ல. இப்படியே கெட்டுக் கெட்டு, விரதம் இருக்கும் வழக்கமே அவரை விட்டுப் போயிற்று.

அந்தக் குறும்புக்காரக் கணவர்தான் பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பெரியார் என்று அழைத்த ஈ.வெ.ராமசாமி. அந்த மருமகள் நாகம்மையார். பெரியாரின் கொள்கைகளை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. நாம் இங்கே பேசப் போவது அதைப் பற்றி அல்ல. 35 ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்த ஒரு கணவன், ஒரு மனைவி. அவர்களுடைய குடித்தனத்தைப் பற்றி.

ஏழை வீட்டுப் பெண்

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் 1885-ல் நாகம்மையார் பிறந்தார். தந்தை ரங்கசாமி. தாய் பொன்னுத்தாய். வசதி இல்லாத குடும்பம். நாகம்மாள் பள்ளிக்கூடம் போனது இல்லை. அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண் குழந்தைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்?

காவிரிக்கு அந்தப் பக்கம் ஈரோடு. அங்கே வெங்கட்ட நாயக்கர் என்றால் தெரியாதவர் இல்லை. கூலி வேலையில் தொடங்கி, கடை வைத்து, மண்டி வைத்துப் பெரிய வியாபாரியாக உயர்ந்தவர். அவர் மனைவி சின்னத்தாயம்மாள் தாதம்பட்டிக் குடும்பத்துக்கு உறவு. ஆகவே அந்த வீட்டு இளைய மகன் ராமசாமியும் நாகம்மாளும் சிறு வயது முதலே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

ராமசாமி படிப்பை 10 வயதில் விட்டவர். 12 வயதிலிருந்து மண்டி வேலை. ஊர் சுற்றுவார். எல்லாச் சாதியார் வீட்டிலும் சாப்பிடுவார். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று பெற்றோர் நினைத்தார்கள். தங்கள் அந்தஸ்துக்கு ஏற்ற பணக்கார வீட்டில் பெண் பார்த்தார்கள்.

மகன் மறுத்துவிட்டார். கட்டினால் நாகம்மாளைக் கட்டுவேன், வேறு யாரும் வேண்டாம் என்றார்.

தாதம்பட்டியிலும் அதே நேரம் ஒரு பேச்சு நடந்தது. ஏழைக்கு ஏற்ற இடம் என்று வயது முதிர்ந்த ஒருவருக்கு மூன்றாந்தாரமாக நாகம்மாளைக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண்ணும் சும்மா இருக்கவில்லை. கல்யாணம் என்றால் ஈரோட்டு ராமசாமியோடு, இல்லாவிட்டால் உயிரையே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

பெண் வாய் திறக்காத காலம் அது. கழுத்தை நீட்டு என்றால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பெண் தன் மாப்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தாள்!

இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இறங்கி வந்தார்கள். 1898-ல் திருமணம். அவருக்கு வயது 19. நாகம்மாளுக்கு 13. இன்று அந்த வயதில் கல்யாணம் செய்தால் போலீஸ் வரும். அன்று அதுதான் வழக்கம். பெண்ணுக்கு 14 வயதாவது ஆகவேண்டும் என்ற சாரதா சட்டமே 1929-ல்தான் பிறந்தது.

அன்று தாதம்பட்டி சேலம் ஜில்லா. ஈரோடு கோயமுத்தூர் ஜில்லா. நடுவில் காவிரி எல்லை. கம்பும் கேழ்வரகும் விளையும் சேலத்துச் சமவெளியிலிருந்து, காவிரியைத் தாண்டி, பெரிய வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தார் நாகம்மையார்.

குளியலுக்கு மேல் குளியல்

மாமியார் சின்னத்தாயம்மாள் பரம வைணவர். வீட்டில் பாகவதர்களுக்கும் பண்டிதர்களுக்கும் ஓயாத விருந்து. ஊரெல்லாம் சாப்பிட்டு வரும் சொந்த மகனுக்கோ அந்த அடுப்படியில் இடம் இல்லை. அவரைத் தொட்டால் தீட்டு. தொட்டுவிட்டால் மருமகள் குளித்துவிட்டுத்தான் பாத்திரத்தில் கை வைக்கலாம்.

மகனுக்கு இது போதாதா! நாகம்மையார் குளித்து முடித்து ஈரத் தலையோடு வரும்போது, வேண்டுமென்றே போய்த் தொட்டுவிடுவாராம். மறுபடியும் கிணற்றடி. மறுபடியும் குளியல்.

இளம் தம்பதிகள் உள்ள வீட்டில் இதெல்லாம் இனிக்கும் விளையாட்டுத்தான். பெரியவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ள ஒரு சாக்கு. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். சிரித்தவர் ஒருவர். குளிர்ந்த தண்ணீரில் இரண்டாம் முறை நின்றவர் இன்னொருவர்.

இன்னொரு கதையும் உண்டு. ஊரில் கோயில் திருவிழா. நாகம்மையார் நன்றாக உடுத்திக்கொண்டு தோழிகளோடு போனார். ராமசாமி மைனர் போல் வேஷம் போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு பின்னாலேயே போனார். அதோ ஒரு புது தாசி வந்திருக்கிறாள் என்று மனைவியைக் கூட்டாளிகளுக்குக் காட்டிவிட்டார். அவர்களும் முறைத்து முறைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பாவம், நாகம்மையாருக்குக் கை கால் நடுங்கிற்று. வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தார். செய்தவர் யார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதோடு கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

இதைக் குறும்பு என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிய மனைவியை நடுங்க வைத்து ஒரு காரியத்தைச் சாதிப்பதில் என்ன சந்தோஷம்?

தாலி எங்கே?

ஆனால் தாலிக் கதை வேறு மாதிரி. அதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

ஓர் இரவு ராமசாமி மனைவியிடம் தாலியைக் கழற்றித் தரச் சொன்னார். நாகம்மையார் பயந்துபோனார். தாலியைக் கழற்றுவதா! கணவர் விடவில்லை. புருஷன் ஊரில் இல்லாதபோதுதான் தாலி வேண்டும், நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே, பிறகு எதற்கு என்று வாதாடினார். கடைசியில் நாகம்மையார் கழற்றிக் கொடுத்தார். கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விடிந்ததும் அதே சட்டையோடு மண்டிக்குப் போய்விட்டார்.

நாகம்மையார் எழுந்து வீட்டு வேலையில் இறங்கினார். மாமியார் கண்ணில் முதலில் பட்டது வெறும் கழுத்து. தாலி எங்கே என்று கூச்சல். வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

முதலில் நாகம்மையாருக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒரு துணிச்சல் வந்தது. இரவு கணவர் சொன்ன அதே பாடத்தை ஒப்பித்துவிட்டார். அவர்தான் ஊரில் இருக்கிறாரே, தாலி எதற்கு என்றார்!

பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டிதான் என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவை குறும்பில் மனைவிக்கும் பங்கு கிடைத்துவிட்டது.

கல்யாணமாகி இரண்டு ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்து மாதம்தான் இருந்தது. அதன் பிறகு அவர்களுக்குக் குழந்தையே இல்லை. இன்று திருச்சியில் நாகம்மையார் பெயரில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள்.

காசியில் எச்சில் இலை

1904-ல் ஒரு நாள் ராமசாமி வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். தந்தையோடு மனஸ்தாபம். காசிக்குப் போய்ச் சந்நியாசி வேஷம் போட்டார். புண்ணிய நகரில் சத்திரம் சத்திரமாக ஏறினார். பிராமணர் அல்ல என்று தெரிந்ததும் சாப்பாடு கிடைக்கவில்லை. பசி தாங்காமல் தெருவில் எறிந்த எச்சில் இலையில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டார். இதை அவரே பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ஈரோட்டில் நாகம்மையாருக்கு அப்போது 19 வயது. மடியில் குழந்தை இல்லை. கணவர் இருக்கும் இடம் தெரியவில்லை. பகல் முழுவதும் மாமியார் வீட்டு வேலை. இரவில் யாரிடம் அழுவது?

கடைசியில் ஏலூரில் ஒரு நண்பர் வீட்டில் மகன் இருப்பது தந்தைக்குத் தெரிந்தது. நேரே போய் அழைத்து வந்தார். மண்டியை மகன் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். குறும்புப் பையனாகப் போனவர், குடும்பப் பொறுப்பு உள்ளவராகத் திரும்பினார்.

சோறு இல்லை என்று துரத்தப்பட்டவரின் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அணையாத அடுப்பு

1911-ல் வெங்கட்ட நாயக்கர் காலமானார். ராமசாமி ஈரோடு நகரசபைத் தலைவரானார். பிறகு அந்தப் பதவிகளையெல்லாம் உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். வீட்டில் ஆள் கூட்டம் பெருகிற்று. ஈரோடோ பெரிய ரயில் சந்திப்பு. வடக்கே போகிறவர், தெற்கே போகிறவர், மேற்கே போகிறவர் எல்லாரும் இறங்கும் ஊர். தலைவர்கள் வருவார்கள். தொண்டர்கள் வருவார்கள். நடு ராத்திரி வண்டியில் இறங்கியும் வருவார்கள்.

யார் எந்த நேரத்தில் வந்தாலும் நாகம்மையார் எழுந்துவிடுவார். இலை விழும். சோறு வரும்.

பெரியார் சிக்கனத்துக்குப் பெயர் போனவர். ரயிலில் மூன்றாம் வகுப்பு. ஒரு காசு வீணாகக் கூடாது. ஆனால் அந்தச் சிக்கனம் அடுப்படிக்குள் நுழையவில்லை. அங்கே நாகம்மையார் வைத்ததுதான் சட்டம். நிறையச் சமைப்பார். நின்று பரிமாறுவார். வந்தவர் வயிறு நிறைந்ததா என்று பார்ப்பதில்தான் அவருக்குத் திருப்தி என்று அங்கே கை நனைத்தவர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவர் விரல் பட்டால் குளிக்க வேண்டும் என்று இருந்த வீடு இது. அதே வீட்டில், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறிய கை நாகம்மையாருடைய கை. எந்தப் புத்தகத்தையும் படித்து அவர் மாறவில்லை. எலும்புத் துண்டில் தொடங்கிய பாடம் அது. சோறு போட்டுப் போட்டே அவர் அதைப் படித்து முடித்தார்.

பொதுவாகப் பெண்களுக்கு விருந்தாளி என்றால் அலுப்பு வரும். அதில் தப்பே இல்லை. இடுப்பு ஒடிவது அவர்களுக்குத்தானே! நாகம்மையாருக்கும் ஒடிந்திருக்கும். ஆனால் கணவர் வெளியே மேடையில் ஆயிரம் பேரோடு இருந்தார். அதில் ஒரு பங்கு தம் பந்திக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பங்கை அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

வெட்டிய தென்னைகள்

1921-ல் கள்ளுக்கடை மறியல். மதுவிலக்குக்காகக் காந்தியடிகள் கட்டளையிட்டிருந்தார். கள் இறக்கும் மரமே தம்மிடம் இருக்கக் கூடாது என்று பெரியார் தாதம்பட்டித் தோப்பில் இருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார்.

தாதம்பட்டி நாகம்மையார் பிறந்த ஊர். தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று சொல்கிறவர்கள் நாம். பிள்ளை இல்லாத வீட்டில் 500 பிள்ளைகளை ஒரே வீச்சில் வெட்டுவது என்றால் இலேசா? வீட்டில் சண்டை வந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அடுத்து நாகம்மையார் செய்த காரியம் என்ன தெரியுமா?

ஈரோட்டில் மறியல் செய்த பெரியார் சிறைக்குப் போனார். உடனே நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டிக்கொண்டு கள்ளுக்கடை முன்னால் போய் நின்றார்கள். அதுவரை அந்த வீட்டுப் பெண்கள் தெருவில் நின்றதே கிடையாது. ஊர் திரண்டது. அதிகாரிகள் 144 தடை உத்தரவு போட்டார்கள். இவர்களைக் கைது செய்தால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்து அதை விலக்கிக்கொண்டார்கள்.

மறியலை நிறுத்திச் சமரசம் பேசலாம் என்று சில தலைவர்கள் காந்தியடிகளிடம் போனார்கள். நிறுத்துவது தம் கையில் இல்லை என்றும், ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களைக் கேட்க வேண்டும் என்றும் அவர் பதில் சொன்னார். தாதம்பட்டிப் பெண்ணின் பெயர் அன்று நாடெங்கும் தெரிந்தது.

1924-ல் வைக்கம் போராட்டம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க எல்லாருக்கும் உரிமை கேட்ட சத்தியாக்கிரகம். பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். நாகம்மையார் அங்கேயும் போய்ப் பெண்களோடு சேர்ந்து போராட்டத்தில் நின்றார். காசிக்குத் தனியாக ஓடிய கணவர் இப்போது சிறைக்குத்தான் போனார். இந்தத் தடவை மனைவி ஈரோட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை.

சேர்ந்து போன பயணம்

1925 மே மாதம் பெரியார் குடிஅரசு பத்திரிகையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் பார்க்காத நாகம்மையாரின் பெயர் பதிப்பாளர் என்று அதில் அச்சாகி வந்த காலமும் உண்டு.

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குப் புறப்பட்டார். நாகம்மையாரும் உடன் போனார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, சிங்கப்பூர் வரை சுற்றினார்கள். போன இடமெல்லாம் தமிழர்கள் வரவேற்பு. கல்யாணமாகி 31 ஆண்டுகள் கழித்து, கணவரோடு பல நாள் கடற்பயணம். அடுப்பு இல்லை. பந்தி இல்லை. வேறு யாரோ சமைத்து, வேறு யாரோ பரிமாறினார்கள். நாகம்மையார் வாழ்நாளில் இப்படி உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் எத்தனை இருந்திருக்கும்!

1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் நாகம்மையார் இல்லை. ஏறக்குறைய 11 மாதம் ஈரோட்டிலேயே இருந்தார். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை வகித்தார். வந்தவர்களுக்குச் சோறும் போட்டார். 1932 நவம்பரில் பெரியார் திரும்பி வந்தார். வந்ததும் மறுபடி ஊர் ஊராகக் கூட்டம்.

1933-ல் நாகம்மையார் நோயில் விழுந்தார். ஈரோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மே 11-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது. வயது 48.

யாரும் அழக் கூடாது என்று பெரியார் சொல்லிவிட்டார். மறு நாள் திருச்சிக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம். முன்னமே ஒப்புக்கொண்ட காரியம். தடை உத்தரவை மீறி நடத்தி வைத்துக் கைதானார்.

கல் நெஞ்சு என்று அன்று பலர் பேசினார்கள். ஆனால் அந்த வாரத்துக் குடிஅரசில் அவர் மனைவியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். போனவரை எந்தப் பெயரால் சொல்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. துணை என்று சொல்லிப் பார்க்கிறார். அடிமை என்று சொல்லிப் பார்க்கிறார். ஊக்கம் என்று சொல்லிப் பார்க்கிறார். ஒன்றும் போதவில்லை. பிறகு ஒரு கணக்குப் பார்க்கிறார். மனைவியால் தமக்குக் கிடைத்த வசதிகளை ஒப்புக்கொள்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன தாம், அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் சொந்த வீட்டில் நாகம்மையாருக்குக் கொடுத்ததாக நினைவில்லை என்று எழுதுகிறார்.

அப்போது அவருக்கு வயது 53. அதன் பிறகு 40 ஆண்டுகள் இருந்தார். அந்தக் கட்டுரையைப் படிக்க நாகம்மையார் இல்லை.